கண்ணாடியைத் தட்டினால்

"வந்துட்டீங்களா அக்கா, உடம்பு எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்துத்தான் சர்வரக்கா வந்தாள். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். "ஏதோ தைச்சு அனுப்பிட்டாங்க, பிரியாம இருந்தா சரி" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

ரிசப்ஷன் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்னக்கா, இன்னிக்கு இந்தப் பக்கமா வர்றீங்க?" என்றாள்.

"வேற எந்தப் பக்கமா வரணும்? இருக்கறது ஒரே வாசல்."

"அதில்ல. நீங்க வெளியில இருந்து வந்து நான் பாத்ததே இல்ல. எப்பவும் உள்ளதானே இருப்பீங்க."

"ரெண்டு மாசமா நான் லீவுல இருந்தேன்டி."

"ஆமா, ஆமா," என்றாள் அந்தப் பெண். அவள் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. குழந்தை சொல்கிற கதைக்குத் தலையாட்டுகிற மாதிரி இருந்தது.

அது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெயரைப் பதிந்ததும் ஒரு சின்ன லேபிள் அச்சாகி வரும். அதை ரத்தக் குழாயில் ஒட்டினால்தான் அந்த ரத்தம் யாருடையது என்று தெரியும். லேபிள் வராவிட்டால் எல்லாம் நின்றுவிடும். லேபிள் வரச் செய்கிற கணினிகள் இருக்கிற அறைக்குப் பொறுப்பு அவள்தான் என்பதால், அவளுடைய சொந்தப் பெயரை மறந்துபோய் எல்லாரும் சர்வரக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் தம்பியின் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "இந்த வயசுல ஓட்டல்ல தட்டு தூக்கறாளா?" என்று அழாத குறையாக விசாரித்தது குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற சிரிப்பு.

நடையின் கடைசியில் இருந்தது சர்வர் அறை. கண்ணாடிக் கதவு. உள்ளே இயந்திரங்களுக்காக வைத்த குளிர். உயரமான முதுகு வைத்த ஒரு நாற்காலி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி. அதில் யார் உட்கார்ந்தாலும் வெளியிலிருந்து தலைகூடத் தெரியாது. அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பிரிண்டர் நின்றுவிட்டால் புகார் எழுதுவதோ போன் போடுவதோ கிடையாது. வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வலது கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள். 'பாத்துக்கறேன், போ' என்று அர்த்தம். தட்டியவர் தன் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் லேபிள் வந்திருக்கும். யார் தட்டினார்கள் என்று அவள் பார்த்ததில்லை. யார் கை தூக்கினார்கள் என்று அவர்களும் பார்த்ததில்லை.

அவள் உள்ளே போனாள். ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் மறந்து விட்டுவிட்டுப் போன பழுப்பு ஸ்வெட்டர் நாற்காலியின் முதுகில் அப்படியே தொங்கியது. மேலே தூசி இருக்கும் என்று உதறினாள். தூசி இல்லை. உட்கார்ந்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

இயந்திரம் விடுகிற சூடு, என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சூடு இந்தப் பக்கம் வராது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கணினியில் தன் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்தாள்.

உடனே கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். பழக்க தோஷத்தில் கை தானாக உயர்ந்தது.

தட்டியவன் போகவில்லை. மறுபடியும் தட்டினான். திரும்பிப் பார்த்தால் கொசு நின்றிருந்தான். ரத்தம் எடுக்கிறவன். அந்தப் பெயரை வைத்ததே அவன்தான். "நான் கொசு மாதிரிதான், குத்தினதே தெரியாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. கையில் லேபிள் இல்லாத ரத்தக் குழாய்களைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"அக்கா, நின்னு போச்சு."

"பாக்கறேன் போ."

"நிக்கவே நிக்காதேக்கா. என்ன ஆச்சு?"

"ரெண்டு மாசமா நிக்கவே இல்லயா?"

"நின்னா வந்து தட்டுவோம். நீங்க சரி பண்ணிடுவீங்க. இன்னிக்கு என்ன, தூக்கம் வரலயா ராத்திரி?"

அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அச்சுக்கு வருகிறவற்றை எல்லாம் வரிசையில் வாங்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு அனுப்புகிற ஒரு சர்வீஸ் உண்டு. யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது. அது ஓடுவதாகத்தான் திரை காட்டியது. ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. நிறுத்து என்று கட்டளை கொடுத்தாள். 'நிறுத்தப்படுகிறது' என்று காட்டிவிட்டு அதிலேயே நின்றது. வலுக்கட்டாயமாக முடித்தாள். சிக்கிக் கிடந்த கோப்புகளைத் துடைத்தாள். மறுபடி எழுப்பினாள். எழுந்தது. ஓடுவதாகக் காட்டியது. பதில் இல்லை.

பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். வேறு பிரிண்டரை மாட்டிப் பார்த்தாள். ரிசப்ஷன் பெண் நோயாளிகளின் பெயர்களைக் கையால் எழுதி ஒட்ட ஆரம்பித்திருந்தாள். "இது என்ன எழுத்து, 'க'வா 'சு'வா?" என்று கொசு கேட்க, "உன் தலையெழுத்து" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து தம்பி மனைவி போன் செய்தாள். உள்ளே சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். சர்வரக்கா வாசல் கதவில் தன் அடையாளக் கார்டைக் காட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

"அண்ணி, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்மா. அப்பறம் பேசறேன், இங்க தலைக்கு மேல வேலை."

"அதான் சொன்னேன், வேலைய விட்டுட்டு வீட்டோட இருங்கன்னு. நான் வேலைக்குப் போறேன், நீங்க பிள்ளைங்களப் பாத்துக்கிட்டா..."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தமும் கைதட்டலும் கேட்டன. சர்வரக்கா கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். லேபிள்கள் நாடாபோல் நீண்டு தரை வரைக்கும் வந்துகொண்டிருந்தன. போனை வைத்துவிட்டு ஓட்டமாக உள்ளே போனாள். கார்டை வைத்தாள். கதவு திறந்தது. பிரிண்டர் பாதி லேபிளில் நின்றது.

அன்று பூராவும் அப்படித்தான். அவள் வெளியே போனால் ஓடும். உள்ளே வந்தால் நிற்கும்.

சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜை மேல் இருக்கிற பொருளை எல்லாம் நேராக அடுக்குவார். இப்போது பேனாவையும் ஸ்டேப்ளரையும் நேராக்கினார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. எந்தெந்த வேலைக்கு ஆள் வேணும், எதுக்கு வேண்டாம்னு பாக்க."

"தெரியும் சார்."

"நீ லீவுல இருந்த ரெண்டு மாசமும் ஒரு லேபிள் நிக்கல. வேற ஆளும் போடல. வந்த அன்னிக்கு எல்லாம் நின்னு போச்சு. அந்த அம்மா கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பண்ணும்மா. நீ இருந்தா நிக்குது, போனா ஓடுதுன்னு அவங்க கண்ணால பாத்தாங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நடந்தாள். தம்பி வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, ஹாலில் பகலில் சுருட்டி வைக்கிற ஒரு படுக்கை உண்டு. ஆனால் 'இது என் இடம்' என்று சொல்லி உட்கார அந்த வீட்டில் ஒரு முக்காலிகூடக் கிடையாது. இந்த ஊரில் அவளுக்கென்று இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான். அது போனால் மிச்சக் காலம் இன்னொருத்தியின் சமையலறையில்தான்.

மறுநாள் காலையில் ரிசப்ஷன் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய போய் நின்னுட்டு வர்றீங்களா?"

"என்னை வெளிய நிக்க வைக்கறியாடி?"

"ஒரு சின்னக் குழந்தை அழுதுக்கிட்டு இருக்குக்கா. லேபிள் வந்தா ரத்தம் எடுத்து அனுப்பிடலாம்."

அவள் போய் நின்றாள். வெயில் சுள்ளென்று இருந்தது. உள்ளே பிரிண்டர் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தன் வேலை தான் இல்லாமல் நடப்பதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போல ஒரு அவமானம் வேறு கிடையாது என்று தோன்றியது. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கொசு கிளாசோடு வந்து சேர்ந்தான்.

"நிழல்ல நில்லுங்கக்கா. இந்த வெயில் மண்டையப் பொளந்துடும்."

"கொசு, ஒண்ணு கேக்கறேன், கிண்டல் பண்ணாம சொல்லு. நான் இல்லாதப்ப இங்க யாரு பாத்துக்கிட்டா?"

"நீங்கதான்."

"நான் படுக்கையில கிடந்தேன்டா. பொறண்டு படுக்கக்கூட ஆள் வேணும்."

அவன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வடிந்துவிட்டது.

"லீவுன்னு மானேஜர் சொன்னாருக்கா. அன்னிக்கே லேபிள் நின்னுச்சு. பழக்கத்துல வந்து தட்டிட்டேன். தட்டின அப்பறம்தான் 'அட, அக்கா இல்லயே'ன்னு நெனச்சேன். ஆனா கை தூக்கினீங்க. சரி, லீவ கேன்சல் பண்ணிட்டாங்க போலன்னு போய்ட்டேன்."

"கையைப் பாத்தியா?"

"எப்பவும் பாக்கற கைதானே. ஸ்வெட்டர் போட்ட கை. அப்பறம் தினமும் தட்டினோம். தினமும் தூக்கினீங்க."

"உள்ள வந்து ஒருத்தரும் பாக்கலயா?"

"நீங்க இருந்தப்பவே ஒருத்தரும் வரமாட்டாங்களேக்கா. வந்தா கடிப்பீங்க."

அது உண்மைதான். கண்ணாடியில் அவனவன் கை நிழல் தெரிந்திருக்கும், தட்டியவனுக்குத் தன் கையே உள்ளே இருப்பதுபோல் தோன்றியிருக்கும் என்று ஒரு சமாதானம் மனசில் வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்த் துணி மடிக்க உட்கார்ந்தபோது அதுவும் நழுவிவிட்டது. தம்பி மனைவி எதிரே உட்கார்ந்து தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் அண்ணி மனுஷி மாதிரி இருக்கீங்க. அந்த ரெண்டு மாசமும் நீங்க இங்கயே இல்ல."

"எங்க போனேன்?"

"உடம்பு இங்க இருந்துச்சு. கூப்பிட்டா 'உம்'னுகூடச் சொல்ல மாட்டீங்க. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு முதுகுதான் தெரியும். நானும் உங்க தம்பியும் பயந்து போய்ட்டோம்."

"காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும்."

"அதோட இன்னொண்ணு. தூக்கத்துல திடீர்னு கையத் தூக்குவீங்க. வலது கை. இப்படி." அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் லேசாக மடங்கி, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி. அச்சு அசல். "தண்ணி கேக்கறீங்கன்னு நெனச்சு ஓடி வருவேன். வாயில விட்டா குடிக்க மாட்டீங்க. கை தானா இறங்கிடும். காலையில ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை மட்டும் தூக்க மாட்டீங்க. உங்க தம்பி சொல்வாரு, அக்கா லீவு நாள்ல ரெஸ்ட் எடுக்கறான்னு."

சர்வரக்கா மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"சிரிக்க மாட்டேங்கறீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"சிரிக்கறேன்மா," என்றாள் அவள்.

வியாழக்கிழமை அவளுக்குக் காரணம் பிடிபட்டது. பிடிபட்டதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இந்த நிலையத்தில் சேர்ந்த புதிதில், அவசரத்துக்கு, அந்த அச்சு சர்வீஸைத் தன் சொந்தப் பெயரிலேயே ஓடவிட்டிருந்தாள். அதற்கென்று தனிப் பெயர் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்தே போனாள். வருஷக்கணக்காக அவள் பெயரில் அவளும் இருந்தாள், அதுவும் இருந்தது. இரண்டுக்கும் சண்டை வரவில்லை. அவள் லீவில் இருந்தபோதுதான் மேலிடத்தில் புது விதி போட்டிருக்கிறார்கள். ஒரு பெயர் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கலாம். வாசலில் கார்டைக் காட்டி ஆள் உள்ளே வந்துவிட்டால், அந்தப் பெயரில் வேறு எது ஓடினாலும் வாயைக் கட்டிவிடும்.

"இவ்வளவுதானா," என்று வாய்விட்டே சொன்னாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தான் பண்ணின சோம்பேறித்தனம்.

சர்வீஸுக்கு ஒரு புதுப் பெயரை உண்டாக்கினாள். தன் பெயரை எடுத்துவிட்டு அதைப் போட்டாள். எழுப்பினாள். ரிசப்ஷனிலிருந்து பிரிண்டர் சத்தம் கேட்டது. அவள் உள்ளே இருக்கும்போதே.

சந்தோஷத்தில் எழுந்து நடை வழியாக ஓடினாள். தையல் சுரீர் என்றது. "வருதா?" என்றாள்.

"வருதுக்கா. நீங்க உள்ள இருக்கீங்க, வருது."

சொல்லி வாய் மூடவில்லை. நின்றுவிட்டது.

திரும்ப வந்து பார்த்தாள். சர்வீஸின் பெயர் இருந்த இடத்தில் மறுபடி அவள் பெயர். அறைக்குள் யாரும் வரவில்லை. நடையில் அவளைத் தாண்டி யாரும் போகவில்லை. மறுபடியும் மாற்றினாள். அங்கேயே நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே இருந்தது. கொசு கூப்பிட்டான் என்று கதவருகே போய்விட்டுத் திரும்பினால், அவள் பெயர்.

"கொசு, இங்க வா. இங்கயே நின்னு நாற்காலியப் பாத்துக்கோ. கண்ணைச் சிமிட்டக் கூடாது."

"நாற்காலியவா? அது எங்கக்கா போகப் போகுது?"

அவள் மூன்றாம் தடவையும் மாற்றிவிட்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியின் முதுகு. அதில் ஸ்வெட்டர். இயந்திரங்களின் பச்சை விளக்குகள். ஒன்றும் அசையவில்லை.

"தட்டு," என்றாள்.

"நீங்கதான் இங்க நிக்கறீங்களே. யாரக் கூப்பிட?"

"தட்டுடா."

அவன் தட்டினான்.

நாற்காலியின் முதுகுக்கு மேலே ஒரு கை எழுந்தது. பழுப்பு ஸ்வெட்டர் கை. விரல்கள் லேசாக மடங்கி, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி. அவசரமே இல்லாமல் தூக்கி, அவசரமே இல்லாமல் இறக்கிக்கொண்டது. தொலைவில் ரிசப்ஷனில் பிரிண்டர் ஒரு தடவை 'கிர்' என்றுவிட்டு அடங்கியது, பேச வாயைத் திறந்தவர் வாயை யாரோ பொத்தியதுபோல்.

கொசு தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான். பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தான். அவை அவள் இடுப்பில், தையல் மேல் இருந்தன.

"அக்கா," என்றான். ஒரு அடி பின்னால் போனான்.

அவள் கதவைத் திறந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. ஸ்வெட்டர் தொங்கியது. இருக்கையில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. திரையில் அவள் பெயர்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பயம் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. ரெண்டு மாசம் ஒரு நாள் விடாமல், தட்டினவர்களுக்கெல்லாம் கை தூக்கி, ஒரு லேபிளைக்கூட நிற்க விடாமல் இருந்திருக்கிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இப்போது இடத்தைக் காலி பண்ணு என்றால் அது எப்படி எழுந்துகொள்ளும்? அதற்கும் இந்த ஊரில் வேறு நாற்காலி இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் வாசல்வரைக்கும் நின்றது. மேலிடத்து அம்மா பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று செய்தி வந்திருந்தது. லேபிள் நின்றிருந்தது. சர்வரக்கா நேரே மானேஜரிடம் போனாள்.

"சார், எனக்குப் புதுக் கார்டு வேணும்."

"பழசுக்கு என்ன?"

"தொலைஞ்சு போச்சு."

"இப்பதானேம்மா அதைக் காட்டி உள்ள வந்த?"

"உள்ள வந்து தொலைஞ்சு போச்சு."

மானேஜர் ஸ்டேப்ளரை நேராக்கினார். "தொலைஞ்ச கார்டுக்கு வேற கார்டு கொடுக்க மேலிடத்துல கேட்கணும், நாளாகும். இங்க நான் உடனே போடக்கூடியது புது ஆளுக்கான கார்டுதான். புதுசா சேர்ந்தவங்க கணக்கு. உன் இத்தனை வருஷ சர்வீஸ் கணக்கெல்லாம் போயிடும். பேரு வேற மாதிரி போடணும்."

"பேருக்குப் பின்னால ஒரு எழுத்தைச் சேத்துப் போடுங்க. போதும்."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"உங்களுக்கு லேபிள் வரணுமா, வேண்டாமா?"

"எனக்கு லேபிள் வந்தா போதும்மா," என்றார் அவர். போட்டுக் கொடுத்தார்.

அவள் சர்வர் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே, தன் பழைய பெயரிலிருந்து வெளியேறினாள். பழைய கார்டை ஸ்வெட்டரின் பையில் போட்டாள். அந்தப் பெயரும் கார்டும் இனி ஒரே இடத்தில்.

"இந்தா. நீயே வெச்சுக்கோ," என்றாள் மெதுவாக. "ஆனா என்னையும் இருக்க விடு. எனக்கும் போக்கிடம் இல்ல."

ரிசப்ஷனில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தது. அவள் புதுக் கார்டைக் காட்டி வெளியே போய் உள்ளே வந்து பார்த்தாள். ஓடியது. ரிசப்ஷன் பெண் லேபிளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தபடி, "இன்னிக்கு வெயில்ல நிக்க வேண்டாம் போங்கக்கா, உங்களுக்கு விடுதலை," என்றாள்.

மேலிடத்து அம்மா வந்தார். கையில் அகலமான ஒரு போன். அதில் எந்த அறைக்கு யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு நடையின் கடைசிக்கு வந்தார். மானேஜரும் சர்வரக்காவும் பின்னால் வந்தார்கள். கொசு, தேவையே இல்லாமல், ஒரு காலி ஊசியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றான்.

"இந்த ரூம்ல ரெண்டு பேர் காட்டுதே," என்றார் அந்த அம்மா. "ஒருத்தர் பழைய ஆள். இன்னொருத்தர் இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காங்க."

மானேஜர் தொண்டையைச் செருமினார். அடுக்குவதற்குப் பக்கத்தில் ஒரு பொருளும் இல்லை.

"நான்தாம்மா புதுசு," என்றாள் சர்வரக்கா. "அவங்களுக்கு உதவிக்கு."

"ரெண்டு பேர் எதுக்கு? பழையவங்க ஒருத்தரே ரெண்டு மாசமா ஓட்டியிருக்காங்களே, ஒரு புகார்கூட இல்லாம."

"ஓட்டினாங்கம்மா. ஆனா அவங்க எழுந்து வர மாட்டாங்க. ஒயர் பிடுங்கிக்கிட்டா செருக, பேப்பர் சிக்கினா எடுக்க ஒரு ஆள் வேணும். அவங்களால அது ஆகாது."

"உடம்பு முடியாதவங்களா?"

"ஆமாம்மா. ஒரு ஆபரேஷன் ஆச்சு."

அந்த அம்மாவின் முகம் இளகியது. கண்ணாடிக்கு அருகே போய் உள்ளே பார்த்தார். அவர் தட்டிவிடக் கூடாதே என்று மானேஜர் நினைத்தாரோ என்னவோ, ஒரு அடி முன்னால் வைத்தார். அதற்குள் தட்டிவிட்டார்.

கை எழுந்தது. இறங்கியது.

"பிசியா இருக்காங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்," என்றார் அந்த அம்மா. போனில் ஏதோ குறித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் இருக்கட்டும். இவங்களுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்க சார், நின்னுக்கிட்டா வேலை பாப்பாங்க?"

மானேஜர் அவரைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, மேஜை மேல் இருந்ததை எல்லாம் நேராக அடுக்கினார். சாயங்காலம் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. முதுகு குட்டையான, சக்கரத்தில் ஒன்று ஆடுகிற நாற்காலி. சர்வரக்கா அதைக் கதவைப் பார்த்தபடி போட்டுக்கொண்டாள். கொசு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்காந்தா எப்படிக்கா தட்டறது? பயமா இருக்கு," என்றான்.

"எதுக்குப் பயப்படணுமோ அதுக்குப் பயப்பட மாட்ட," என்றாள் அவள். அவன் சிரித்தான். ஆனால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் காலை வைக்கவில்லை.

குளிர் அடித்தது. ஸ்வெட்டரை எடுக்கக் கை போனது. பாதியில் இழுத்துக்கொண்டாள். நாளைக்கு வீட்டிலிருந்து ஒரு சால்வை கொண்டுவர வேண்டும்.

கிளம்பும் நேரம் வந்தது. விளக்கை அணைக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, விரலை மடக்கித் தட்டினாள்.

"நான் கிளம்பறேன்," என்றாள்.

கை எழுந்தது. 'பாத்துக்கறேன், போ.' யார் தட்டினார்கள் என்று அது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நின்றாள். வாசலில் காத்திருக்கிறவருக்கு அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரிந்ததில்லை. கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது.

"ஒரு தடவ திரும்பிப் பாரேன்," என்று கண்ணாடியில் வாயை வைத்தபடி சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, எண்ணெய் போடாத சுழலும் நாற்காலி ஒன்று மெதுவாகத் திரும்பத் தொடங்கினால் வருமே, அந்தச் சத்தம் உள்ளே கேட்டது.

சர்வரக்கா தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடையில் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனாள். வாசலில் புதுக் கார்டைக் காட்டினாள். கதவு திறந்தது. பின்னால், யாரும் இல்லாத ரிசப்ஷனில், பிரிண்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.